விடுதி கட்டும் சபை, வீடு தேடிப் போகும் சபை

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். ஜூலை 1 அன்று, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டே மூடப்பட்டது. எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த ஆப்பிரிக்கக் கிராமத்துப் பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்வி அப்போது எழுந்தது. இரண்டு பதில்கள் காதில் விழுந்தன. அந்தப் பிள்ளைகள் இனி தெருவில்தான் என்றார்கள் சிலர். ஊருக்கு ஊர் கிறிஸ்தவச் சபைகள் இருக்கின்றன, அவை பார்த்துக்கொள்ளும் என்றார்கள் வேறு சிலர்.

இரண்டாவது பதில் கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அதில் வரும் ‘சபை’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. சிம்பாப்வேயின் கிழக்கு எல்லையில், மொசாம்பிக்கை ஒட்டிய மலைநாட்டில், மனிக்காலாந்து என்றொரு மாகாணம் இருக்கிறது. முட்டாரே அதன் தலைநகரம். அந்த மாகாணத்தில் ஒரு சபையின் பெண்கள் கையில் காசில்லாமல் வீடு வீடாக நடந்தார்கள். வேறொரு சபையார் தடுப்பூசியே கூடாது என்றார்கள். 1990-களிலிருந்து நாடெங்கும் சபைகள் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு விடுதி கட்டின. எல்லார் கையிலும் இருந்தது ஒரே வேதாகமம். இதில் எது பிள்ளைகளுக்கு உதவியது என்பதற்கு முப்பது ஆண்டுச் சான்று இருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

‘அனாதை’ என்று யாரைக் கணக்கிடுகிறார்கள்?

குழப்பம் இந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் அனாதை என்றால் யாருமற்ற பிள்ளை. யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் கணக்கில் அப்படி இல்லை. 18 வயதுக்குள் தாயையோ தந்தையையோ, அல்லது இருவரையுமோ இழந்த ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பட்டியலில் சேரும். அதாவது மூன்று வகை:

1. தந்தையை மட்டும் இழந்தவர்கள்
2. தாயை மட்டும் இழந்தவர்கள்
3. இருவரையும் இழந்தவர்கள்

2003-ஆம் ஆண்டு நிலவரப்படி சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 4.3 கோடிப் பேர் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அவர்களில் 1.23 கோடிப் பேர் எய்ட்ஸால் பெற்றோரை இழந்தவர்கள். எண்ணைப் படிப்பவர் மனத்தில் 4.3 கோடிப் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும் காட்சி வரும். உண்மையில் அவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார். இருவரையும் இழந்தவர்களிலும் மிகப் பலர் பாட்டி வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ வளர்ந்தார்கள். தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளில் பாதி அளவுக்குப் பாட்டி தாத்தாவின் பொறுப்பில் இருப்பதாகவே ஆய்வுகள் காட்டின.

இதை விளங்கிக்கொள்ள ஆங்கிலத்தைவிடத் தமிழ் வசதியான மொழி. மனிக்காலாந்தில் பேசப்படும் ஷோனா மொழியில் தந்தையின் அண்ணன் ‘பாபாமுகுரு’, அதாவது பெரிய தகப்பன். தந்தையின் தம்பி ‘பாபாமுனினி’, சிறிய தகப்பன். தாயின் அக்கா ‘மாய்குரு’, தங்கை ‘மாய்னினி’: நம் பெரியம்மாவும் சின்னம்மாவும்தான். தந்தையின் சகோதரிக்கு ‘தேத்தே’ என்று தனிப் பெயர், நம் அத்தைபோல. ஆங்கிலத்தில் இவர்கள் அனைவரும் அங்கிள், ஆன்ட்டி என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுவார்கள். பெரிய தகப்பன் என்று ஒருவரை அழைக்கிற சமூகத்தில், தகப்பன் இறந்த பிள்ளைக்குத் தகப்பன்களே இல்லாமல் போவதில்லை. அனாதையைக் குறிக்க ஷோனாவில் ‘நெரேரா’ என்ற சொல் உண்டு. ஆனால் அனாதை இல்லம் வெள்ளையர் ஆட்சியில் வந்து சேர்ந்த ஏற்பாடு.

அந்த வலை எப்படி அறுந்தது?

அப்படியானால் சிக்கல் எங்கே? பெரிய தகப்பனும் இறந்துபோனதில்.

1997 வாக்கில் சிம்பாப்வேயின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. நூறு பேர் கூடிய ஞாயிறு ஆராதனையில் ஏறக்குறைய முப்பது பேருக்கு. மற்ற கொள்ளைநோய்கள் குழந்தையையும் கிழவரையும் முதலில் கொண்டுபோகும். எய்ட்ஸ் இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருந்தவர்களை எடுத்தது. பிள்ளைகளை வளர்க்கும் வயது அது. அண்ணன் இறந்தால் தம்பி வளர்ப்பான் என்ற ஏற்பாடு, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அண்ணன், தம்பி, தங்கை மூவரும் இறந்தால் நிற்காது. எஞ்சியவள் பாட்டி. அவள் அடுப்படியில் மூன்று வீட்டுப் பேரப்பிள்ளைகள்.

ஒரு குடும்பம் கீழே இறங்கிய படிகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருந்தன:

1. தகப்பன் படுக்கிறான். கூலி நிற்கிறது. வைத்தியத்துக்கு ஆடும் மாடும் விலைபோகின்றன.
2. தாயும் படுக்கிறாள். மூத்த பெண்பிள்ளை பள்ளியை விட்டு நின்று அவளைப் பார்த்துக்கொள்கிறாள். வயல் தரிசாகிறது. தாய் சாவதற்கு முன்பே இந்தப் பிள்ளையின் துன்பம் தொடங்கிவிடுகிறது. ஆனால் அனாதைக் கணக்கில் அவள் இன்னும் சேரவில்லை.
3. சாவுச் செலவு. பிறகு சொத்து. கணவன் வீட்டார் வந்து கலப்பையையும் பாத்திரங்களையும் எடுத்துச் செல்வது பல ஊர்களில் நடந்தது. விதவைக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை தரும் வகையில் சிம்பாப்வே 1997-இல் சட்டத்தைத் திருத்தியது. கிராமத்து விதவைக்கு அப்படியொரு சட்டம் இருப்பதைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.
4. பள்ளிக் கட்டணம் நிற்கிறது. கட்டணம் கிடைத்தாலும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பதியும் நேரத்தில் அந்தக் காகிதம் இல்லாமல் பிள்ளை தவிக்கிறது.

நான்காவது படியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது மறுபடி வரும்.

1993: நடையும் நோட்டுப் புத்தகமும்

ஜெஃப் ஃபாஸ்டர் முட்டாரேயில் குழந்தை மருத்துவர். அவர் 1987-இல் குடும்ப எய்ட்ஸ் பராமரிப்பு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். சுருக்கப் பெயர் ஃபேக்ட். எய்ட்ஸுக்கென்று சிம்பாப்வேயில் தோன்றிய முதல் தன்னார்வ அமைப்புகளில் ஒன்று அது. 1993-இல் அது முட்டாரேயைச் சுற்றிய கிராமப் பகுதி ஒன்றில், உள்ளூர்ப் பெந்தெகொஸ்தே சபையோடு சேர்ந்து, ‘ஃபோகஸ்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. நெருக்கடியிலிருக்கும் குடும்பங்களும் அனாதைகளும் பிள்ளைகளும் என்று அந்தப் பெயர் விரியும்.

திட்டத்தைச் சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். சபையில் நம்பிக்கைக்குரிய பெண்களைத் தேர்ந்தெடுப்பது. பலர் விதவைகள், சிலர் தாங்களே பெற்றோரற்ற பிள்ளைகளை வளர்ப்பவர்கள். ஊர்த் தலைவரோடு உட்கார்ந்து, எந்தெந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பட்டியல் எழுதுவது. அதில் மிகவும் நொந்த வீடுகளைப் பிரித்து, நடக்கும் தூரத்தில் உள்ள பெண்ணிடம் ஒப்படைப்பது. அவள் தவறாமல் போய்ப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பாள். சம்பளம் கிடையாது. மிக அவசியமான வீட்டுக்கு மட்டும் விதைச் சோளம், உரம், போர்வை, தொடக்கப் பள்ளிக் கட்டணம் என்று சிறு உதவி உண்டு.

ஒரு வருகையை அருகே நின்று பார்த்தால்தான் அதன் நுட்பம் விளங்கும். வருகிறவள் சமையல் குடிசையின் வாசலில் குனிந்து, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகக் கைதட்டி வணக்கம் சொல்கிறாள். உள்ளே பாயில் உட்காருகிறாள். உடனே எதையும் கேட்பதில்லை. கண் ஓடுகிறது. கழுவிவைத்த பானையில் நேற்றுச் ‘சட்ஸா’ கிண்டிய தடம் இருக்கிறதா? சோளமாவுக் களிதான் அங்கே சோறு. உப்பு இருக்கிறதா? தலைகள் ஐந்து, போர்வைகள் எத்தனை? காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு வயதுப் பெண் ஏன் வீட்டில் இருக்கிறாள்? பாட்டி எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்கிறாளா? பிறகு அவளே விளக்குமாற்றை எடுக்கிறாள், அல்லது குடத்தோடு கிணற்றுக்குப் போகிறாள், அல்லது அந்தப் பெண்பிள்ளையோடு வயலில் இறங்கிக் களை பறிக்கிறாள். சித்தப்பா இரவில் வருகிறார் என்பது போன்ற விஷயத்தைப் பாயில் உட்கார்ந்து கேட்டால் பிள்ளை சொல்லாது. களை பறிக்கும்போது சொல்லும்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்த வேலைக்கு ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது. மாசில்லாத பக்தி எது என்று யாக்கோபு நிருபம் சொல்லும் இடத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ‘விசாரிக்கிறது’ என்று எழுதுகிறது. இன்று விசாரணை என்றால் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்து விசாரிப்பில் போய்ப் பார்ப்பது, கேட்டறிவது, பொறுப்பேற்பது மூன்றும் அடங்கியிருந்தன. ஃபோகஸ் பெண்கள் செய்ததைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் எனக்குத் தெரியவில்லை.

இதற்குச் சபை ஏன் தேவைப்பட்டது? பக்தி ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் அமைப்பு. சிம்பாப்வேயின் பழைய மிஷன் சபைகளில் பெண்கள் சங்கம் வியாழக்கிழமைதோறும் கூடுகிறது. ‘சீனா செமட்ஸிமாய்’, மாதர் வியாழன் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. மெதடிஸ்ட் பெண்கள் சிவப்புச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியுமாக ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போவதை அந்த நாட்டில் எந்த வியாழனும் பார்க்கலாம். சாலை இல்லாத ஊரில், அரசு அலுவலர் ஆண்டுக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத ஊரில், வாரம் தவறாமல் கூடி, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கும் கூட்டம் இது ஒன்றுதான். புதிய திட்டம் அந்தப் பழைய கேள்விக்கு ஒரு பட்டியலையும் நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

இது மனிக்காலாந்தில் மட்டும் நடந்ததல்ல. 2000-களின் தொடக்கத்தில் கென்யா, மலாவி, மொசாம்பிக், நமீபியா, சுவாசிலாந்து, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சமய அமைப்புகளை ஓர் ஆய்வு பார்த்தது. பெரும்பாலான சபைகள் யாரும் சொல்லாமல், வெளிப் பணத்துக்குக் காத்திராமல், சிறிய அளவில் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருந்தன. வெளிநாட்டு அலுவலகங்களின் கண்ணில் அவை படாமல் போனதற்குக் காரணமும் அந்தச் சிறிய அளவுதான்.

அதே ஆண்டுகளில் எழுந்த கட்டிடங்கள்

இனி மறுபக்கம். சிம்பாப்வே அரசு 1999-இல் அனாதைப் பராமரிப்புக் கொள்கை ஒன்றை ஏற்றது. ஆறு படிகள் கொண்ட ஏணி அது. பெற்ற குடும்பம், விரிந்த குடும்பம், ஊர்ச் சமூகம், வளர்ப்புக் குடும்பம், தத்து, கடைசியாக விடுதி. முந்தைய எல்லாப் படிகளும் முடியாமல் போனால்தான் விடுதி. காகிதத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது.

நடந்தது வேறு. 1994-க்கும் 2004-க்கும் இடையில் அந்த நாட்டில் 24 புதிய விடுதிகள் எழுந்தன, விடுதிப் பிள்ளைகளின் எண்ணிக்கை இரட்டித்தது. யுனிசெஃப் ஆதரவுடன் நடந்த ஆய்வு, அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் பெற்றோரில் ஒருவர் உயிருடன் இருப்பதையும், ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குத் தொடர்புகொள்ளக்கூடிய உறவினர் இருப்பதையும் கண்டது. புதிய விடுதிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் தொடங்கியவை சமய அமைப்புகள், அதிலும் புதிய பெந்தெகொஸ்தே, அப்போஸ்தல சபைகள். வீடு வீடாக நடந்த பெண்கள் எந்த வகைச் சபையிலிருந்து புறப்பட்டார்களோ, கணிசமான கட்டிடங்களும் அதே வகைச் சபைகளிலிருந்துதான் வந்தன.

கட்டியவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நன்கொடை எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்தால் போதும். கட்டிடத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, சுவரில் பெயர்ப் பலகை உண்டு. நாற்பது பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுக்கலாம். பதினாறு வீடுகளில் சிதறிக் கிடக்கும் நாற்பது பிள்ளைகளை ஒரு படத்துக்குள் கொண்டுவருவது எப்படி? கடல் கடந்து வரும் விருந்தினரைப் பாட்டியின் குடிசையில் உட்கார வைத்தால் அவருக்கும் சங்கடம், பாட்டிக்கும் சங்கடம்.

விடுதி திறந்த பிறகு நடப்பதுதான் மோசம். அங்கே மூன்று வேளைச் சோறு, சீருடை, பள்ளிக் கட்டணம். பாட்டி வீட்டில் இவற்றில் ஒன்றும் உறுதியில்லை. பேரப்பிள்ளையின் நன்மையை எண்ணும் பாட்டி என்ன செய்வாள்? பிள்ளையை விடுதி வாசலில் கொண்டுபோய் விடுகிறாள். விடுதிப் பதிவேட்டில் அந்தப் பிள்ளை அனாதை ஆகிறது. வறுமைக்குச் சிகிச்சை தர வந்த ஏற்பாடு, உறவைப் பிரிப்பதைச் சேர்க்கைக்கான நிபந்தனையாக்கிவிடுகிறது. செலவுக் கணக்கும் சாதகமாக இல்லை. தான்சானியாவின் ககேரா பகுதியில் ஒரு விடுதிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேல் ஆனதாகவும், அது வளர்ப்புக் குடும்பத்தில் ஆகும் செலவைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்றும் உலக வங்கி 1990-களிலேயே எழுதியது.

குடும்பத்தில் கொடுமையை அனுபவித்த பிள்ளை, கைவிடப்பட்ட சிசு என்று விடுதி தவிர வேறு வழியில்லாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காகத்தான் ஏணியில் ஆறாவது படி.

பணத்தை நேரடியாகக் கொடுத்தால் போதாதா?

நியாயமான கேள்வி. நல்வாய்ப்பாக, மனிக்காலாந்திலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2010, 2011 ஆண்டுகளில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2013-இல் வெளிவந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 18 டாலரும், பிள்ளை ஒன்றுக்கு 4 டாலரும் கொடுத்தார்கள். சில ஊர்களில் நிபந்தனை ஏதும் இல்லை. சில ஊர்களில் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. வேறு சில ஊர்களில், ஒப்பிட்டுப் பார்க்க, பணமே இல்லை.

பள்ளி வருகை இரண்டு வகையிலும் 7 சதவீதப் புள்ளிக்குச் சற்று மேல் கூடியது. பாட்டியின் கையில் பணம் வந்தால் அவளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், யாரும் மிரட்ட வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழில் கதை மாறியது. நிபந்தனை இல்லாத ஊர்களில் கூடுதல் வெறும் 1.5 சதவீதப் புள்ளி. நிபந்தனை வைத்த ஊர்களில் 16.4.

ஏன் இந்த வேறுபாடு? சோதனை அறிக்கையைத் தாண்டி நான் சொல்வது இது: சட்ஸாவையும் சீருடையையும் கடையில் வாங்கலாம். சான்றிதழ் அப்படி வராது. இறந்த தாயின் அடையாள அட்டையைத் தேடி எடுக்க வேண்டும், இறப்புச் சான்று வேண்டும், சாட்சி சொல்ல உறவினர் வர வேண்டும், பஸ் பிடித்து மாவட்ட அலுவலகம் போக வேண்டும், இன்று போய் நாளை வா என்றால் மறுபடியும் போக வேண்டும். யாராவது விடாமல் நச்சரிக்காவிட்டால் அது நடக்காது. அந்த நச்சரிப்பை நிபந்தனை ஓரளவுக்குச் செய்தது. வீட்டுக்கு வந்துபோகும் பெண்ணும் அதைத்தான் செய்கிறாள். பிறந்தபோது பக்கத்தில் இருந்த மருத்துவச்சி யார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பிள்ளை ஒன்றைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்து மாதாமாதம் பணம் அனுப்பும் ஆதரவுத் திட்டங்களுக்கும் சான்று இருக்கிறது. கம்பேஷன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு உள்ளூர்ச் சபைகள் வழியாக நடத்தும் திட்டத்தை, உகாண்டா, கென்யா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ஆதரவு பெற்ற பிள்ளைகள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். நல்ல பலன்தான். ஆனால் ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கடிதமும் காலணியும் வரும், பக்கத்தில் படுக்கும் அத்தை மகளுக்கு வராது. அந்த அமைப்பு வெளிநாட்டு நன்கொடைச் சட்டக் கட்டுப்பாடுகளால் 2017-இல் இந்தியாவிலிருந்து வெளியேற நேர்ந்தபோது, பணவழி ஒன்றையே நம்பிய ஏற்பாடு எவ்வளவு சட்டென்று நின்றுவிடும் என்பது இங்கேயும் தெரிந்தது.

சபை என்பதற்காகவே நம்பிவிட முடியுமா?

முடியாது. இதற்கும் மனிக்காலாந்தே சாட்சி.

ஜோஹானே மராங்கே அப்போஸ்தல சபை 1932-இல் அந்த மாகாணத்தில் தோன்றியது. வெள்ளங்கி அணிந்து மரத்தடியில் தொழுகிறவர்கள். மருந்தையும் தடுப்பூசியையும் அந்தச் சபையின் போதனை ஏற்பதில்லை. 2021-இல் மராங்கேயில் அந்தச் சபையின் தலத்தில் பதின்ம வயதுச் சிறுமி ஒருத்தி பிரசவத்தில் இறந்தாள். நாடே கொதித்தது. 18 வயதுக்குக் கீழே திருமணம் செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-லேயே தீர்ப்பளித்திருந்தது. அதற்கேற்ற திருமணச் சட்டம் 2022-இல்தான் வந்தது. அதே 2022-இல் மனிக்காலாந்தின் முடாசா மாவட்டத்தில் தொடங்கிய தட்டம்மை நாடெங்கும் பரவி ஏறத்தாழ 700 குழந்தைகளைப் பலிகொண்டது. தடுப்பூசி போடாத பிள்ளைகள் பெருந்திரளாகக் கூடிய சபைக் கூட்டங்களைச் சுகாதாரத் துறை காரணமாகச் சுட்டியது. எல்லா அப்போஸ்தலச் சபைகளும் இப்படி அல்ல. தடுப்பூசிக்குப் பேசும் போதகர்களும் அவற்றில் இருக்கிறார்கள், இரவில் யாருக்கும் தெரியாமல் குழந்தையைச் சிகிச்சைக்குத் தூக்கிப்போகும் தாய்மார்களும் இருக்கிறார்கள்.

வாரம் தவறாமல் கூடும் அந்த வலிமை இரண்டு பக்கமும் வெட்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. யார் வரவில்லை என்று கேட்கும் கூட்டத்துக்கு, யார் மருத்துவமனைக்குப் போனார்கள் என்று கேட்கவும் தெரியும். சபையின் நோட்டுப் புத்தகத்தை ஊர்த் தலைவரும் பள்ளி ஆசிரியரும் செவிலியரும் பார்க்க முடிகிற இடத்தில் இந்த ஆபத்து குறைகிறது. ஃபோகஸ் பட்டியலை ஊர்த் தலைவரோடு சேர்ந்து எழுதியதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

2025-க்குப் பிறகு எது நிற்கும், எது விழும்?

அமெரிக்காவின் எய்ட்ஸ் நிதித் திட்டமான பெப்ஃபார் 2003-இல் தொடங்கியது. அதன் செலவில் பத்தில் ஒரு பங்கு நொந்த பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கப் பணத்தில் ஓடிய பல திட்டங்களுக்கு வேலையை நிறுத்தும்படி கடிதம் வந்தது. விளைவுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்:

1. சம்பளத்தில் நின்றவை முதலில் விழும். ஊக்கத்தொகை பெற்ற களப்பணியாளர், மாவட்ட அளவிலான கண்காணிப்பு, அச்சிட்ட படிவங்கள். சம்பளமில்லாமல் நடந்த பெண்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் பழக்கிய இடங்களில் நிலைமை கூடுதல் மோசம். முன்பு இலவசமாக நடந்த வேலை இப்போது பணம் நின்றதும் நின்றுபோகக்கூடும்.

2. உள்ளூர் வேரில் நின்றவை தாக்குப்பிடிக்கும். சிம்பாப்வேயில் ‘சுண்டே ராமம்போ’ என்ற பழைய ஏற்பாடு உண்டு. ஊர்த் தலைவரின் வயலில் எல்லாரும் உழைப்பார்கள், விளைச்சல் களஞ்சியத்தில் சேரும், இல்லாதவர்களுக்குப் போகும். 1990-களின் இறுதியில் பல ஊர்களில் இதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். ஆனால் 2024 ஏப்ரலில் வறட்சியைத் தேசியப் பேரிடராக நாடு அறிவித்ததுபோல ஓர் ஆண்டு வந்தால், ஊரே சேர்ந்து உழைத்தாலும் களஞ்சியத்துக்கு வர ஒன்றும் இருக்காது. எல்லாரும் ஏழையாகும்போது பக்கத்து வீடு தாங்காது.

3. மாத்திரை. மூன்றிலும் இதுவே பெரியது. எச்.ஐ.வி. கூட்டு மருந்து பரவலாகக் கிடைத்த பிறகு, தொற்று உள்ள தாய் தன் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாவதைப் பார்க்கிறாள். 2022 வாக்கில், தொற்று உள்ளவர்களில் தங்கள் நிலையை அறிந்தவர்கள், அவர்களில் மருந்து எடுப்பவர்கள், அவர்களில் கிருமி கட்டுக்குள் வந்தவர்கள் என்ற மூன்று அளவிலும் 95 விழுக்காட்டை எட்டிய சில நாடுகளில் சிம்பாப்வே ஒன்று. இன்று வீட்டுக்கு வரும் சபைப் பெண்ணின் வேலையில் பாதி, தாய் மாத்திரையை விடாமல் விழுங்குகிறாளா என்று பார்ப்பது. மாத்திரையே வராவிட்டால் அவள் எத்தனை முறை நடந்தாலும் பயனில்லை, 1993-க்குத் திரும்ப வேண்டியதுதான். சிம்பாப்வே 2000-ஆம் ஆண்டு முதல் வருமான வரியின் மீது 3 விழுக்காடு எய்ட்ஸ் தீர்வை வசூலிக்கிறது. மற்ற பல நாடுகளுக்கு இல்லாத முன்யோசனை. ஆனால் முறையான வேலையில் இருப்பவர்கள் குறைந்த நாட்டில் அந்தத் தீர்வை முழுச் செலவையும் தாங்காது.

ஆகவே ‘சபைகள் பார்த்துக்கொள்ளும்’ என்பது பாதி உண்மை. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது சபைக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு மருந்து, சான்றிதழ், பள்ளி, சட்டம் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

நன்கொடை கேட்டு வந்தால்

ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கென்று தமிழ்ச் சபைகளிலும் காணிக்கை எடுக்கிறார்கள். கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்கலாம்.

1. பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள்? விடுதியில் என்றால், எத்தனை பேருக்குப் பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்கள், அவர்களிடம் திருப்பி அனுப்ப என்ன முயற்சி நடந்தது?

2. பட்டியலை எழுதியது யார்? போதகர் மட்டும் என்றால் சபைக்கு வெளியே உள்ள வீடுகள் விடுபட்டிருக்கும்.

3. பணம் நின்றால் மறுநாள் எது தொடரும்?

4. பிள்ளைக்கு 18 வயது ஆனதும் எங்கே போகும்?

நான்காவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. ஷோனா சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் தந்தைவழியில் வரும் ‘முத்துப்போ’ என்ற குலச்சின்னம் உண்டு: சிங்கம், குரங்கு என்று. ஒரே சின்னத்தார் மணக்கக் கூடாது. விடுதியில் வளர்ந்து, தன் சின்னம் எதுவென்று அறியாத இளைஞன் பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறான். மணப்பெண்ணுக்கான ‘ரோரா’ என்ற பரிசப் பேச்சுவார்த்தையில் அவன் பக்கம் உட்கார ஆள் இல்லை. பாட்டி வீட்டில் ஒட்டுப்போட்ட போர்வையில் வளர்ந்தவன் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது பாபாமுனினி ஒருவர் பக்கத்தில் இருப்பார். சமையல் குடிசைக்குள் பெண்கள் பக்கத்துப் பேச்சை நடத்த தேத்தே இருப்பாள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வியாழக்கிழமைகளில் வந்துபோன சிவப்புச் சட்டைக்காரியும் அநேகமாக அங்கே பாயில் உட்கார்ந்திருப்பாள்.